மயிலாப்பூரில் ஒரு வீணை ஆசிரியையிடம் ஓராண்டு

மகளுக்கு வீணை கற்றுத்தர ஆசிரியர் தேடியபோது, முதலில் சேர்த்த இணையவழி வகுப்பு மூன்றே மாதங்களில் எங்களுக்கு ஒத்துவரவில்லை. வீணைத் தண்டின் குறுக்கே வரிசையாகப் பதித்த மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, சுரத்தை அசைத்து ஒலிக்கச் செய்யும் கமகம் பிடிக்கும்போது விரல் எவ்வளவு அழுத்தத்தில் நிற்கிறது என்பதைத் திரை வழியாகத் திருத்த முடியாது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

பிறகு மயிலாப்பூரில் தம் வீட்டிலேயே தனியாகக் கற்பிக்கும் ஓர் அம்மையாரிடம் சேர்த்தோம். முதல் நாளில் அவர் பாடம் எதுவும் எடுக்கவில்லை. நான்கு வாசிப்புத் தந்திகளையும் மூன்று தாளத் தந்திகளையும் சுருதி சேர்த்துக் காட்டி, குழந்தையைப் பாடச் சொல்லிக் கேட்டார். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்னும் தொடக்கப் பயிற்சியை மூன்று காலங்களிலும் (வேகங்களிலும்), வாயால் பாடிய பிறகே வாசிக்க வேண்டும் என்பதில் அவர் காட்டும் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. இருபத்து நான்கு மெட்டுகளும் பதிந்திருக்கும் மெழுகு வெயிலில் இளகும் என்பதால், வீணையைச் சன்னலோரம் வைக்கக் கூடாது என்றும் சொல்லித் தந்தார்.

வாரம் இரண்டு வகுப்புகள். விடுமுறைக்கு ஈடான வகுப்பை நினைவூட்டிக் கேட்க வேண்டியிருப்பது ஒரு குறைதான். மேடையேற்ற அவசரப்படும் பெற்றோருக்கு இவரைப் பரிந்துரைக்க மாட்டேன். ஓராண்டு முடிந்தும் நாங்கள் அலங்காரம் என்னும் அடிப்படைப் பயிற்சியில்தான் இருக்கிறோம், ஆனால் சுருதி சற்றே விலகினாலும் என் மகள் தானே நிறுத்திச் சரிசெய்துகொள்கிறாள்.