டிஎன்எஸ் ப்ராக்ஸி பூட்டித் தர வருபவர்களிடம் கவனம்

வெள்ளவத்தையில் எங்களுடையது பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சின்னக் கணக்கு அலுவலகம். ஐபி இலக்கங்களைப் பாடமாக்காமல் ஃபைல் சர்வரையும் பிரிண்டரையும் பெயரால் பிடிக்க வேண்டும், தேவை அவ்வளவுதான். தெரிந்தவர் மூலம் வந்த டெக்னீஷியன், கேட்வேயிலேயே, அதாவது அலுவலகத்தை இணையத்தோடு இணைக்கும் ரவுட்டரிலேயே, டிஎன்எஸ் ப்ராக்ஸி (பெயரைக் கேட்டால் அதற்குரிய ஐபி இலக்கத்தைச் சொல்லும் வசதி) போட்டால் சரி என்றார். மைக்ரோட்டிக் ரவுட்டர் ஒன்றைப் பூட்டினார். கூலி 25,000 ரூபாய், ‘வருட லைசென்ஸ்’ 18,000. அந்த ரவுட்டருக்கு லைசென்ஸ் பெட்டியோடேயே வருகிறது, வருடா வருடம் கட்ட ஒன்றுமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சரி, அந்தக் காசு போகட்டும்.

மூன்றாம் கிழமை இணையம் நொண்டத் தொடங்கியது. இரவு எல்லோரும் போன பிறகும் ரவுட்டர் விளக்குகள் ஓயாமல் துடித்தன. பிறகு இணைய நிறுவனத்தின் மின்னஞ்சல் வந்தது: உங்கள் 53ஆம் போர்ட் (டிஎன்எஸ் கேள்விகள் வரும் வாசல்) வெளியே திறந்து கிடக்கிறது, அதை வைத்துத் தாக்குதல் நடக்கிறது. ஆளுக்கு அழைத்தால், “அது லைன் பிழை அண்ணை” என்றார். மின்னஞ்சலைக் காட்டியதும் வந்து, விதி ஒன்றை எழுதி, 8,000 வாங்கிக்கொண்டு போனார். அன்றிரவும் விளக்கு துடித்தது.

என் மச்சான் லப்டொப்பைத் தன் போன் டேட்டாவில் இணைத்து, இணையத்தில் எங்கள் அலுவலகத்தின் முகவரியான பொது ஐபியிடம், டிஎன்எஸ் கேள்வி அனுப்பும் என்எஸ்லுக்அப் கட்டளையால் ஒரு பெயரைக் கேட்டான். பதில் வந்தது! வெளியாளுக்கு வரவே கூடாத பதில். ரவுட்டரின் டிஎன்எஸ் அமைப்பில் ‘அலோ ரிமோட் ரிக்வெஸ்ட்ஸ்’ கட்டத்தில் சரி போட்டால்தான் அலுவலகக் கணினிகளுக்கு ரவுட்டர் பதில் சொல்லும். ஆனால் கேட்பவர் உள்ளாளா வெளியாளா என்று அது பார்ப்பதில்லை, எதை உள்ளே விடுவது என்று விதி வைத்துத் தடுக்கும் ஃபயர்வோல்தான் மறிக்க வேண்டும். பல மாடல்களில் அந்த விதிகள் வரும்போதே இருக்கும். இவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்கியிருக்கிறார். எவனோ அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போட்டுச் சின்னக் கேள்வி அனுப்ப, பல மடங்கு பெரிய பதிலை எங்கள் ரவுட்டர் ஓர் அப்பாவியின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

அந்த 8,000 ரூபாய் விதி? ஃபயர்வோலின் ஃபார்வர்ட் செயின் என்ற விதிப் பட்டியலில் கிடந்தது. ரவுட்டரைக் கடந்து போவதை மட்டும்தான் அது பார்க்கும். ரவுட்டருக்கே வருவதை மறிக்க இன்புட் செயின் வேண்டும். வெளிப்பக்கத்திலிருந்து 53ஆம் போர்ட்டுக்கு வருவதை, டிஎன்எஸ் கேள்வி வரக்கூடிய யூடிபி, டிசிபி என்ற இரண்டு வழியிலும் மச்சான் மறித்தான். பத்து நிமிட வேலை. அட்மின் பாஸ்வேர்டை அந்த ஆளிடமிருந்து வாங்கத்தான் இரண்டு நாள் சண்டை.

இப்படி யாரிடமாவது செய்வித்திருந்தால் இன்றே போன் டேட்டாவிலிருந்து கேட்டுப் பாருங்கள். பாஸ்வேர்ட் கைக்கு வராமல் கடைசிக் காசைக் கொடுக்காதீர்கள்.

பிரிண்டருக்குப் பெயர்? அதை அவர் போடவே இல்லை. அதையும் மச்சான்தான் போட்டான்.