ஐம்பது கிலோ வார்ப்பும் ஒரு கைப்பிடியும்: எங்கள் பட்டறைத் தூக்கு ரோபோ

கோவை கணபதியில் பம்பு பாகங்களைக் கடைசல் செய்து கொடுக்கிறோம். ஐம்பது கிலோ வார்ப்பைத் தரையிலிருந்து எடுத்து லேத் சக்கில் (கடைசல் இயந்திரத்தில் பாகத்தைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) மாட்டுவதுதான் இங்கே முதுகை ஒடிக்கிற வேலை. எல்லா நிலைமையும் சாதகமாக இருந்தால்கூட ஒருவர் தூக்க 23 கிலோதான் உச்சம் என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு அமைப்பான நியாஷ் நிறுவனம் 1991இல் வரையறுத்தது. அதற்காகவே சர்வோ மோட்டார் (வேகத்தையும் நிலையையும் துல்லியமாகக் கட்டுப்படுத்தக்கூடிய மோட்டார்) வைத்த தூக்கு ரோபோ ஒன்றைப் பொருத்தினோம்.

பார்க்க வருகிறவர்கள் ரோபோ எங்கே என்று தேடுகிறார்கள். மேலே தண்டவாளம், அதில் ஓடும் மோட்டார், தொங்கும் கம்பிவடம், நுனியில் கைப்பிடி, அவ்வளவுதான். கைப்பிடியை மெதுவாக உயர்த்தினால் சுமை மெதுவாக எழும். வேகமாக உயர்த்தினால் வேகமாக எழும். மிதவை நிலைக்கு மாற்றிவிட்டால் கைப்பிடியும் வேண்டாம். உள்ளே இருக்கும் உணரி எடையை அளந்து மோட்டாரைத் தாங்கச் சொல்கிறது. வார்ப்பையே இரு கைகளால் பிடித்து ஏற்றி இறக்கலாம். முன்பு செயின் பிளாக்கில், அதாவது கையால் சங்கிலி இழுத்துத் தூக்கும் கருவியில், ஒருவர் சங்கிலி இழுக்க, இன்னொருவர் சக்கின் தாடைக்கு நேராகப் பிடித்துத் திண்டாடுவார். இப்போது ஒருவரே மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி உட்கார வைக்கிறார். எங்கள் மூத்த டர்னர் அண்ணன் இடுப்பு வலியால் வேலையை விடுவதாக இருந்தவர்; இன்னும் அதே லேத்தில் நிற்கிறார். எனக்கு இதைவிடப் பெரிய வரவு இல்லை.

கார் ஆலைத் தொழிலாளர்களின் உடல்நோவைக் குறைக்க ஜெனரல் மோட்டார்ஸ் 1994இல் தொடங்கிய முயற்சியின் வழியில் வளர்ந்தவை இத்தகைய இயந்திரங்கள். 1996இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கோல்கேட்டும் பெஷ்கினும் உருவாக்கிய முதல் கோபாட்டில் (மனிதனோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோ), நகர்த்தும் விசை முழுக்க மனிதனுடையதாகவே இருந்தது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தூக்கும்போது கனம் தெரியாததால் புதியவர்கள் வார்ப்பைப் பக்கவாட்டில் வேகமாகத் தள்ளிவிடுகிறார்கள். ஐம்பது கிலோ ஓடத் தொடங்கினால் ஐம்பது கிலோவாகத்தான் வந்து மோதும். ஆகவே பழக்காமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள். தண்டவாளம் மட்டம் பிசகினாலும் சுமை தானாக நகரும். பாகத்தின் வடிவம் மாறினால் அதைக் கவ்வும் பிடிப்பானையும் மாற்ற வேண்டும். அது தனிச் செலவு.

விலையும் பொத்தானை அழுத்தித் தூக்கும் சாதாரண மின் ஹாய்ஸ்ட்டைவிடப் பல மடங்கு. எப்போதாவது ஒன்றிரண்டு தூக்குகிற பட்டறைக்கு ஹாய்ஸ்ட்டே போதும். நாள் முழுக்க ஒரே பாகம் ஏறி இறங்குகிறது என்றால் தயங்காமல் வாங்கலாம். ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் வார்ப்பையே விற்பனையாளரிடம் எடுத்துப் போய், லேத்தில் நிற்கப்போகிறவர் கையால் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.