காங்கிரீட் மேல் புல்தரை: டிரெயின் செல் செட் வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இந்த செட்டில் வரும் டிரெயின் செல் தட்டுகள் (மண்ணுக்கு அடியில் தண்ணீர் வடிந்து ஓட வழிவிடும் பிளாஸ்டிக் தட்டுகள்) நன்றாக இருக்கின்றன, தாராளமாக வாங்கலாம். கூட வரும் துணி சுமார். ஓரத்தடுப்பு வீண். பெட்டி மேல் பெரிதாகப் போட்டிருக்கும் "5 செ.மீ. மண் போதும்" என்பதை மட்டும் நம்பவே நம்பாதீர்கள்.

தெரியாதவர்களுக்காக: பழைய காங்கிரீட் தளத்தை உடைத்து அள்ளாமல் அதன் மேலேயே புல்லோ செடியோ வளர்ப்பதற்கான செட் இது. அடியில் வேர்த்தடுப்பு ஷீட், அதற்கு மேல் பிளாஸ்டிக் தட்டு, அதற்கு மேல் மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் கீழே விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி. இந்த மூன்றும் சுற்றிலும் நிறுத்த ஓரத்தடுப்பும் பெட்டியில் வரும். மண்ணும் புல்லும் நம் பாடு.

தட்டு கறுப்பு பாலிபுரொப்பிலீன், 30 மி.மீ. உயரம். பக்கங்களில் கொக்கி இருக்கிறது, அடுத்த தட்டை மேலே பொருத்தி உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைத்தால் டக்கென்று உட்கார்ந்துவிடுகிறது. நான்கு தட்டு சேரும் மூலையில்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், சற்று நேரம் வெயிலில் போட்டு வைத்து எடுத்தால் வழிக்கு வந்துவிடும். வளைவான இடங்களுக்கு ஹாக்ஸா பிளேடால் வெட்டினேன், சுலபமாக வெட்டுப்படுகிறது, ஆனால் வெட்டிய முனை கூர்மையாக நிற்கும், அரம் போட்டுத் தேய்க்காவிட்டால் மேலே விரிக்கும் துணியைக் கிழித்துவிடும். வெறும் தட்டு மேல் நடந்தால் நறநறவென்று சத்தம் வருகிறதே தவிர எதுவும் உடையவில்லை.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், இதே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறார்கள். ஒன்று திறந்த வலைபோல் இருக்கும், தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். இன்னொன்று முட்டை அட்டை மாதிரி குழிகுழியாக இருக்கும், குழிகளில் கொஞ்சம் தண்ணீர் தங்கும். தளத்துக்கு நல்ல சரிவும், ஆளுக்கு அடிக்கடி தண்ணீர் விட நேரமின்மையும் இருந்தால் குழி வகை நல்லது. எனக்கு வந்தது வலை வகை.

"இதெல்லாம் எதற்கு, ஜல்லியைக் கொட்டி அதன் மேல் மண்ணைப் போட்டால் ஆகாதா?" என்று கேட்பவர்கள் நிறைய. பொடி மண்ணுக்கு அடியில் ஜல்லி இருந்தால் தண்ணீர் உடனே அதில் இறங்கிவிடாது, மண்ணின் அடிப்பகுதி முழுக்க ஊறிய பிறகுதான் சொட்ட ஆரம்பிக்கும். தட்டு போட்டாலும் இந்த விதி மாறாது. ஆனால் சொட்டிய தண்ணீர் பக்கவாட்டில் தடையில்லாமல் ஓட வழி கிடைக்கிறது, அதுவும் எடையே இல்லாமல். 5 செ.மீ. ஜல்லி சதுர மீட்டருக்கு 75 கிலோவுக்கு மேல் வரும், தட்டு இரண்டு மூன்று கிலோ. இந்த ஒரு காரணத்துக்காகவே தட்டு பக்கம்தான் என் ஓட்டு.

இப்போது அந்த 5 செ.மீ. கதைக்கு வருவோம். நான் 15 செ.மீ. மண்கலவை போட்டேன், கதவோரம் ஒரு பட்டையில் மட்டும் வாசற்படியை மண் தொட்டுவிடும் என்பதால் அவர்கள் சொன்ன 5 செ.மீ.யிலேயே விட்டேன். அதே புல், அதே தண்ணீர். வெயில் ஏறியதும் அந்தப் பட்டை மட்டும் நீலமும் சாம்பலும் கலந்த ஒரு நிறத்துக்குப் போகிறது, இலை நீளவாக்கில் சுருண்டுகொள்கிறது, மிதித்தால் கால்தடம் அப்படியே பதிந்து நிற்கிறது. ஆழமான பக்கத்தில் மிதித்த புல் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்துவிடுகிறது. காரணம் ஒன்றும் ரகசியம் இல்லை: நிலத்தில் இருக்கும் புல்லுக்கு அடி ஈரம் மேலே ஏறி வரும், இங்கே அடியில் இருப்பது காற்றும் சூடேறிய காங்கிரீட்டும்தான். மழை பெய்தால் அதே மெல்லிய மண் முழுக்கச் சொதசொதவென்று ஆகிறது, நான் மேலே சொன்ன ஊறும் விஷயம்தான், 5 செ.மீ.யில் ஊறாத பகுதி என்று ஒன்று மிஞ்சுவதே இல்லை. விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன், தினமும் இரண்டு வேளை தண்ணீர் விடுங்கள் என்று பதில் வந்தது. அதைப் பெட்டி மேல் போட்டிருக்கலாமே! புல்லுக்குக் குறைந்தது 10 செ.மீ., முடிந்தால் 15, குத்துச்செடி என்றால் 30 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆழம் கூடினால் எடையும் கூடும். ஈரமான சாதாரண மண் 15 செ.மீ. போட்டால் சதுர மீட்டருக்கு 250 கிலோவைத் தாண்டும். தரையோடு இருக்கும் தளம் என்றால் கவலை இல்லை. மொட்டைமாடி என்றால் வேறு கதை, பல வீட்டு மாடிகள் ஆள் நடமாட்டம் போன்றவற்றுக்காக சதுர மீட்டருக்கு 150, 200 கிலோ அளவுக்குத்தான் கணக்குப் போட்டுக் கட்டப்பட்டிருக்கும். கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். தேங்காய் நார்க்கழிவு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கனிமக் குருணை), மட்கிய உரம் கலந்த கலவை எடையைக் குறைக்கும், ஆனால் நார்க்கழிவு மட்கி மட்கி மட்டம் இறங்கும், மேலே தூவிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். கழுவாத நார்க்கழிவில் உப்பும் இருக்கும், அலசிவிட்டுப் போடுங்கள்.

துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் ஆள் தெரிகிறது, அவ்வளவு மெல்லிசு. எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை) என்று எங்கும் போடவில்லை. நெய்யாத வகையில் 150 முதல் 200 ஜிஎஸ்எம் துணி தனியாக வாங்கி விரித்தேன், இணைப்புகளில் ஒரு சாண் மேலேறும்படி, ஓரங்களில் மண் உயரத்துக்கு மடித்துவிட்டு. முதலில் வெளியே வந்த தண்ணீர் பழுப்பாக இருந்தது, அப்புறம் தெளிந்துவிட்டது. களிமண் அதிகமுள்ள கலவை போட்டால் எவ்வளவு நல்ல துணியும் அடைத்துக்கொள்ளும்.

செட்டில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாத விஷயம், தண்ணீர் கடைசியில் எங்கே போகும் என்பது. தட்டு தண்ணீரை ஓரம் வரை கொண்டுபோகும், அவ்வளவுதான். விரிப்பதற்கு முன்பே காங்கிரீட் மேல் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டி எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிடுங்கள். மீட்டருக்கு 1 செ.மீ. சரிவாவது வேண்டும். தரைத் தளத்தில் சரிவு இல்லை என்றால் மண் வரைக்கும் துளை போடலாம், மாடியில் அந்த வேலையே கூடாது, இருக்கும் வடிகால் வாயைத் திறந்து பார்க்கும்படி விட்டுவிட்டு அதைச் சுற்றி மட்டும் கூழாங்கல் போடுங்கள்.

ஓரத்தடுப்புக்கு நீளமான முளைகள் கொடுத்திருக்கிறார்கள், தரையில் அடித்து இறக்க. காங்கிரீட்டில் எங்கே அடிப்பது? செங்கல்லை அடுக்கிப் பூசித்தான் ஓரம் கட்டினேன். பூசிய சுவரை ஒட்டிய ஒரு கையகல இடத்தில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது, புதுச் சிமெண்டின் சுண்ணாம்பு காரத்தைக் கூட்டுவதால் புல்லுக்கு இரும்புச்சத்து ஏறாமல் வரும் குறை அது. கீலேட் இரும்பு (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் இருக்கும் இரும்புச்சத்து) தெளித்தால் பச்சை திரும்புகிறது. நீங்கள் கட்டினால் வேர்த்தடுப்பு ஷீட்டைச் சுவரின் உட்பக்கமும் ஏற்றிவிடுங்கள்.

தட்டு, ஷீட் இரண்டும் தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் வாங்கி, துணியை வேறு இடத்தில் பாருங்கள். வெட்டுச் சேதத்துக்குப் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தட்டு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு தனித் தட்டு கேட்டால் தர மாட்டார்கள்.