மும்பை மழைக்கு ஒரு விண்ட்சீட்டர், ஒரு வருஷம் போட்டுப் பார்த்த பிறகு

சயானிலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) போகிறவன் நான். போன ஜூனில் மாதுங்கா மார்க்கெட் பக்கம் ஒரு சின்னக் கடையில் 850 ரூபாய்க்கு இந்த விண்ட்சீட்டரை, அதாவது காற்றைத் தடுக்கிற மெல்லிய ஜாக்கெட்டை, வாங்கினேன். மழைக்கும் ஆகும், குளிருக்கும் ஆகும் என்றார் கடைக்காரர். பாதிதான் உண்மை.

தூறலுக்குப் பிரமாதம். ஆனால் ஜூலையில் கிங்ஸ் சர்க்கிளில் முழங்காலளவு தண்ணீர் நிற்கிற மாதிரி கொட்டும்போது தோள்பட்டை நனைந்துவிடுகிறது. துணியில் குறையில்லை, தையலுக்கு உள்பக்கம் டேப் ஒட்டவில்லை, ஊசி போன ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் இறங்குகிறது; அதனால் வாங்கும்போது உள்ளே திருப்பிப் பாருங்கள். அதைவிடப் பெரிய தொல்லை வியர்வை. இங்கே மழை பெய்தாலும் குளிர்வதில்லை, காற்றில் ஈரம் வேறு, தாதர் கூட்டத்தில் ஜிப்பை மூடிக்கொண்டு நின்றால் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரிதான். அக்குளில் காற்றோட்டத்துக்கு ஓட்டை உண்டு, பேருக்கு. உள்ளே பருத்தி பனியன் போட்டால் நனைந்தது சாயங்காலம் வரை காயாது, நான் மெல்லிய பாலியஸ்டர் டீ-ஷர்ட்டுக்கு மாறிவிட்டேன், ஆபீஸ் சட்டை பையில்.

சரி, ஜனவரிக்கு வருவோம். விடியற்காலையில் 15, 16 டிகிரி, வொர்லி கடற்கரையில் நடக்கப் போனால் இது கச்சிதம். ஒன்பது மணிக்கெல்லாம் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். ஊரிலிருந்து அம்மா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர் பரணை விட்டு இறங்கவே இல்லை, அவரிடம் சொல்லவில்லை.

உலோக ஜிப் செப்டம்பரிலேயே துருப்பிடித்தது. பிளாஸ்டிக் ஜிப் மாற்ற 80 ரூபாய் ஆயிற்று.