150 கிராமா, 175 கிராமா? கெப்போங் காற்றில் எறிந்து பார்த்த கணக்கு

வேகமான டிஸ்க் எடை குறைவாக இருக்கட்டும், மெதுவான டிஸ்க் எடை கூடுதலாக இருக்கட்டும். சில ஆண்டுகளாகக் கோலாலம்பூர்ப் பூங்காக்களில் டிஸ்க் கோல்ஃப் (தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைக்கும் ஆட்டம்) எறிந்து திரிந்த பிறகு நான் வந்து சேர்ந்திருக்கும் கணக்கு இவ்வளவுதான். என் பையில் இப்போது டிரைவர், அதாவது தூரம் போகும் வேகமான டிஸ்க், பெரும்பாலும் 150க்கும் 160 கிராமுக்கும் நடுவில். நடுத்தரத் தூரத்துக்கான மிட்ரேஞ்ச் 170ஐ ஒட்டி. கூடையில் போடுவதற்கான மெதுவான பட்டர் (putter) 175.

புதிதாக வருகிறவர்களுக்குக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும். "எல்லாத்தையும் மேக்ஸ் எடையில வாங்கு, அதுதான் நம்பிப் போடலாம்" என்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அதைச் சொல்கிறவர் எவ்வளவு தூரம் எறிகிறார் என்று ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது. 110 மீட்டர் எறிகிறவரின் ஆலோசனை 65 மீட்டர் எறிகிறவருக்குப் பொருந்தும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நான் நன்றாக எறிந்த நாளில் 70 மீட்டரைத் தொடுவேன். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கைக்கு உரிய அனுபவம்.

அந்த 'மேக்ஸ்' எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டத்துக்கு விதி வகுக்கும் பிடிஜிஏ (PDGA) அமைப்பின் கணக்குப்படி டிஸ்க்கின் விட்டத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் வரை எடை இருக்கலாம், எப்படிப் போனாலும் 200 கிராமைத் தாண்டக்கூடாது. டிரைவர்களின் விட்டம் 21 சென்டிமீட்டர் சொச்சம் என்பதால் அவை 175 வாக்கில் நின்றுவிடும். இன்னோவா நிறுவனத்தின் ராக் என்ற மிட்ரேஞ்ச் கொஞ்சம் அகலம், அதனால் 180 வரைக்கும் கிடைக்கும். எதிர்ப்பக்கத்தில் '150 கிளாஸ்' என்று, 150 கிராம் வாக்கிலேயே நின்றுவிடும் லேசான வகை ஒன்று உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கானது என்று அதை ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் பெரிய போட்டிகளே அந்த எடை டிஸ்க்குகளோடு நடந்திருக்கின்றன என்பதை அவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

நான் அல்டிமேட் ஃபிரிஸ்பியில் (அணியாகத் தட்டை எறிந்து பிடித்து ஆடுவது) இருந்து இந்தப் பக்கம் வந்தவன். அங்கேயும் டிஸ்க் 175 கிராம்தான். அதனால் எடை எனக்குப் புதிதில்லை என்று நினைத்துத்தான் 175 கிராம் டிரைவரைக் கையில் எடுத்தேன். எறிந்தால் அது தரையைத் தேடி ஓடியது. காரணம் எளிது. அல்டிமேட் டிஸ்க்கின் விட்டம் 27 சென்டிமீட்டருக்கு மேல். பரப்பை எடுத்துக்கொண்டால் கோல்ஃப் டிரைவரைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம். அதே 175 கிராமை அவ்வளவு அகலமான தட்டு தாங்கும்போது மெதுவாக எறிந்தாலும் மிதக்கும். சின்னத் தட்டு தாங்க வேண்டுமென்றால் அதற்கு வேகம் வேண்டும். வேகம் கையில் இல்லாவிட்டால் எடையைத்தான் குறைக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். கனமான ஒரு மாடலையும் லேசான வேறொரு மாடலையும் எறிந்துவிட்டு, "லேசானது வலப்பக்கம் ஓடுகிறது" என்று முடிவு கட்டுவதில் அர்த்தமே இல்லை. மாடல் ஒன்றாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு அடிபட்டிருக்க வேண்டும். என்னிடம் அப்படி ஒரு ஜோடி இருக்கிறது: டிஎக்ஸ் என்ற சாதாரண பிளாஸ்டிக்கில் இன்னோவா லெப்பர்ட் டிரைவர், ஒன்று 150, மற்றது 172. டிஸ்க் எப்படிப் பறக்கும் என்று தயாரிப்பாளர் தரும் நான்கு எண்கள் லெப்பர்டுக்கு 6, 5, -2, 1. வேகம் ஆறு, மிதப்பு ஐந்து, பறக்கும்போது கொஞ்சம் வலப்பக்கம் சாயும், கடைசியில் லேசாக இடப்பக்கம் திரும்பும். வலது கையால் பேக்ஹேண்ட் (புறங்கை முன்னே வர, உடம்புக்குக் குறுக்கே இழுத்து) எறிகிறவருக்கான கணக்கு இது. இடது கைக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

காற்றில்லாத காலை நேரத்தில் 172ஐ எறிந்தால் அது என் கைக்கு நேராகவே போகிறது. தாளில் இருக்கும் அந்த வலப்பக்கச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அதை வெளிக்கொண்டுவரும் வேகம் என்னிடம் இல்லை. கடைசியில் இடப்பக்கம் விழுவது மட்டும் தெளிவாகத் தெரியும். 150ஐ அதே மாதிரி எறிந்தால் முதலில் மெல்ல வலப்பக்கம் சாய்ந்து, அப்புறம் நேராகி, கடைசியில் இடப்பக்கம் வந்து இறங்கும். அந்த எஸ் வளைவுதான் தூரத்தைத் தருகிறது. என் கையில் 150 வழக்கமாக ஏழெட்டு மீட்டர் கூடுதலாகப் போகிறது. பெரிய வித்தியாசமில்லை, ஆனால் நிதானமாக எறிந்தாலும் அது கிடைக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இதில் ஒரு விஷயத்தை அநேகர் மிகைப்படுத்துகிறார்கள். எடை குறைந்தால் கையிலிருந்து கிளம்பும் வேகம் அள்ளிக்கொண்டு ஏறும் என்பார்கள். அப்படி இல்லை. எறியும்போது நாம் சுழற்றுவது டிஸ்க்கை மட்டுமில்லை, நம் முழுக் கையையும் சேர்த்துத்தான். அந்தக் கையோடு பார்த்தால் 25 கிராம் ஒன்றுமே இல்லை. வேகம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. லேசான டிஸ்க்கைத் தூக்கி நிறுத்தக் குறைந்த விசை போதும், அதனால் வேகம் குறைந்த பிறகும் கொஞ்ச நேரம் மிதந்துகொண்டிருக்கும்.

நட்டம் இருப்பதும் அங்கேதான். சுழலும் டிஸ்க் தன் சாய்வை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதன் சுழல் உந்தத்தால். எடை குறைந்தால் அந்த உந்தமும் குறையும். ஆனால் காற்று அதைப் புரட்ட முயலும் விசை குறையாது, ஏனென்றால் வடிவம் அதேதான். விளைவு, லேசான டிஸ்க் சீக்கிரம் புரளும். கூடவே, காற்றின் இழுவையால் அதன் வேகமும் சீக்கிரம் குறையும்.

இதைப் புத்தகத்தில் படிப்பதைவிடக் கெப்போங் மெட்ரோபொலிட்டன் பூங்காவில் ஒரு மதியம் நின்றால் போதும். ஊரில் காற்றாடி விடுகிறவர்கள் அங்கே போய்க் கூடுவது சும்மா இல்லை. திறந்த வெளி, பெரிய ஏரி, தடுக்க ஒன்றும் கிடையாது. காலையில் ஆளில்லாத ஓரமாகக் கையடக்கக் கூடையை நட்டு எறிந்தால் இரண்டு லெப்பர்டுக்கும் நடுவே நான் மேலே சொன்ன வித்தியாசம்தான் இருக்கும். மூன்று, நான்கு மணிக்கு, இடி மழைக்கு முன்னால் ஒரு காற்று கிளம்பும் பாருங்கள், அப்போது கதையே வேறு. எதிர்க்காற்றில் 150 லெப்பர்டை எறிந்தால் கிளம்பிய சற்று நேரத்திலேயே வலப்பக்கம் கவிழ்ந்து, தரையில் விழுந்து, சக்கரமாக உருண்டு ஏரிப் பக்கம் ஓடும். எதிர்க்காற்று என்றால் டிஸ்க் உணரும் வேகம் கூடுகிறது, வேகம் கூடினால் சாய்வும் கூடுகிறது, அதைத் தாங்கும் உந்தம் 150இல் இல்லை. அந்த நேரத்தில் 172 தான் காப்பாற்றும். அதுகூடச் சில சமயம் போதாது. அப்போது எடையை விட்டுவிட்டு மாடலையே மாற்றி, இடப்பக்கம் பிடிவாதமாகத் திரும்பும் டிஸ்க் ஒன்றை எடுக்க வேண்டும்.

பின்காற்று நேர் எதிர். முதுகில் காற்று வந்தால் டிஸ்க் உணரும் வேகம் குறையும், மிதப்பு போய்விடும், கனமானது தொப்பென்று விழும். அங்கே 150 ராஜா. பக்கக் காற்றில் எடையைவிடச் சாய்வு முக்கியம். டிஸ்க்கின் அடிப்பக்கம் காற்றுக்குத் தெரிந்தால் தூக்கிக்கொண்டு போகும், மேல்பக்கம் தெரிந்தால் அமுக்கிவிடும். எந்த எடையானாலும் இதுதான் நடக்கும், லேசானதில் அது இரட்டிப்பாகத் தெரியும். இடி கேட்டால் எறிவதை நிறுத்திவிடுங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூடை முழுக்க இரும்பு, சுற்றிலும் வெட்டவெளி.

ஏரி என்றதும் ஞாபகம் வருகிறது. வழக்கமான டிஸ்க் தண்ணீரில் மூழ்கும். இன்னோவாவின் டிராகன் மாதிரி மிதப்பதற்கென்றே செய்தவையும், பிளாஸ்டிக்கில் நுண்ணிய காற்றுக் குமிழிகள் கலந்த பிளிஸார்ட் வகையில் மிக லேசானவையும் மிதக்கும். 150 என்று எழுதியிருந்தால் மிதந்துவிடும் என்று நம்பி இறங்க வேண்டாம், அது பிளாஸ்டிக்கைப் பொறுத்தது. வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு ஏரிப் பக்கம் போகலாம். ஒரு நல்ல டிஸ்க்கின் விலைக்கு மாமாக் கடையில் (இங்குள்ள தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ஒரு வாரம் பசியாறலாம் என்பதால் சொல்கிறேன்.

கியாராப் பக்கம் மரங்களுக்கு நடுவே எறியும்போது இந்தக் காற்றுக் கவலை கிடையாது. அங்கே வேண்டியது தூரமில்லை, நேர்கோடு. முழு வேகத்தில் யாரும் எறிய மாட்டார்கள். அதனால் அங்கே நான் லேசான டிரைவரைப் பையிலேயே வைத்துவிட்டு 170ஐ ஒட்டிய மிட்ரேஞ்ச் எடுக்கிறேன். மெதுவான எறிதலில் கை சற்றுக் கோணினாலும் கனமான டிஸ்க் பொறுத்துக்கொள்ளும். லேசானது ஒவ்வொரு கோணலையும் ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

பட்டரில் எனக்குத் தயக்கமே இல்லை. 10 மீட்டர் வட்டத்துக்குள் நின்று கூடையில் போடும்போது தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. பிறகு எதற்கு லேசான பட்டர்? 150 கிராம் ஏவியரையும் 175 கிராம் ஏவியரையும் நீண்ட நாள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். லேசானது சின்னக் காற்றுக்கே மேலே எழும்பிக் கூடையின் தலையில் போய் இடிக்கிறது. சங்கிலியில் பட்டாலும் சில சமயம் வெளியே துள்ளிவிடுகிறது. 175 சங்கிலிக்குள் நுழைந்து அப்படியே தட்டில் உட்காருகிறது. தோள் வலிக்கும் முதியவர்கள், சிறுவர்கள் தவிர வேறு யாருக்கும் லேசான பட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிறுவர்கள் விஷயம் தனி. அக்கா மகள் சில வாரக் கடைசிகளில் கூட வருவாள், ஆரம்பப் பள்ளியில் படிக்கிறாள். அவளிடம் முதலில் கொடுத்தது என் 172 லெப்பர்ட். பத்துப் பதினைந்து மீட்டரில் இடப்பக்கம் போய் விழுந்துகொண்டே இருந்தது, அவளுக்குச் சலித்துவிட்டது. 150ஐக் கொடுத்ததும் நேராகப் போனது. "மாமா, இதை முதல்லயே குடுத்திருக்கலாம்ல?" என்று கேட்டாள். இப்போது அந்த 150 எனக்குத் திரும்பி வருவதே அபூர்வம். பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் 150க்கு மேல் போகவே வேண்டாம், 130, 140 கிடைத்தால் இன்னும் நல்லது. கை வளர்ந்த பிறகு எடையைக் கூட்டிக்கொள்ளலாம்.

அதிவேக டிரைவர் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. இன்னோவா டிஸ்ட்ராயரின் எண்கள் 12, 5, -1, 3. அந்த 12ஐ உயிர்ப்பிக்க 100 மீட்டர் தாண்டும் கை வேண்டும். என் கையில் 175 டிஸ்ட்ராயர் கிளம்பியதும் இடப்பக்கம் திரும்பி வீட்டுக்குக் கிளம்பிவிடும், 172 லெப்பர்டைவிடக் குறைவான தூரத்தில் விழும். அதே டிஸ்ட்ராயரை 140 சுற்றி பிளிஸார்டில் எறிந்தபோது ஓரளவு பறந்தது. ஆனால் நேர்மையாகச் சொன்னால், அந்தக் காசுக்கு வேகம் ஏழு, எட்டு உள்ள டிரைவர் ஒன்றை லேசான எடையில் வாங்குவதே புத்திசாலித்தனம். எடையைக் குறைத்து ஒரு படி இறங்கலாம், மூன்று படி இறங்க முடியாது.

வாங்கும்போது இங்கே உள்ள சிக்கல், வேண்டிய எடை கிடைப்பதில்லை என்பதுதான். இணையத்தில் விற்கிறவர்கள் பலர் "170 முதல் 175 வரை" என்று போட்டுவிட்டுக் கையில் கிடைத்ததை அனுப்புவார்கள். 150 கேட்டு எனக்கு 166 வந்ததும் உண்டு, "கிட்டத்தட்ட அதேதான் பாஸ்" என்று பதிலும் வந்தது. 16 கிராம் எப்படிக் கிட்டத்தட்ட ஆகும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பணம் கட்டுவதற்கு முன் டிஸ்க்கின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எடை அங்கே எழுதியிருக்கும். சமையலறைத் தராசில் ஒரு தடவை வைத்துப் பார்த்துக்கொள்வதிலும் தப்பில்லை. ஒன்றிரண்டு கிராம் முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடலாம். ஐந்து கிராமுக்குக் கீழான வித்தியாசத்தைக் கையில் உணர்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் டிஸ்க்குகளை விட்டுவைக்காதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் அவை வளைந்துவிடும், வளைந்த டிஸ்க் எடைக் கணக்கு எதற்கும் கட்டுப்படாது.

இப்போது எனக்குத் தேவை டிஎக்ஸ் லெப்பர்ட் 150இல் இன்னும் இரண்டு, ஒன்று அக்கா மகளுக்கு அதிகாரப்பூர்வமாக. மாற்றிக்கொள்ள என்னிடம் அந்த 175 கிராம் டிஸ்ட்ராயர் இருக்கிறது, ஸ்டார் பிளாஸ்டிக், கீறல் அதிகமில்லை. 100 மீட்டர் எறியும் கை உள்ளவர் யாராவது ஞாயிறு காலையில் கெப்போங் பக்கம் வந்தால், எறிந்து பார்த்துவிட்டே முடிவு செய்யலாம்.