வங்குரோத்து முடிந்தபின் கார்: ரொக்கத்துக்குப் பழசா, தவணைக்குப் புதுசா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வங்குரோத்து (தமிழ்நாட்டில் திவால் என்பார்கள்) உத்தரவு வந்த நாளிலிருந்து 12 மாதத்தில் விடுதலை தானாகவே வந்துவிடும். உத்தரவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, அதிகாரியுடன் ஒத்துழைத்திருந்தால் போதும். கடன் போய்விட்டது, ஆனால் வேலைக்குப் போக கார் வேண்டும். இந்த நேரத்தில் பெரும்பாலானோர் முன் இரண்டு வழிதான் நிற்கும். கையில் உள்ள ரொக்கத்துக்கு 1,800 பவுணில் ஒரு பழைய சின்ன கார் எடுப்பது ஒன்று. வங்குரோத்தானவர்களுக்கும் கடன் தருகிற நிறுவனத்திடம் 6,000 பவுணுக்குத் தவணையில், அதாவது ஹெச்பி முறையில், கொஞ்சம் புதுசாக எடுப்பது மற்றது. இவற்றோடு ‘மச்சான் பேரில் எடுக்கலாம்’, ‘சீட்டை முன்னுக்கு எடுக்கலாம்’ என்ற குறுக்குவழிகளும் எங்கள் ஆட்களிடம் உண்டு.

முதலில் தேதியைச் சரிபாருங்கள். விடுதலைக்கு முன்பே 500 பவுணோ அதற்கு மேலோ கடன் கேட்டால், வங்குரோத்தில் இருப்பதைச் சொல்லாமல் வாங்குவது குற்றம். அந்த 12 மாதத்துக்குள் யாராவது கார் அன்பளிப்பாகத் தந்தாலோ, வாரிசுப் பணம் வந்தாலோ, 21 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். விடுதலைக்குப் பிறகு உங்கள் காசில் வாங்குவது உங்களுடையது. வருமானத்திலிருந்து மாதாமாதம் கட்டும் ஒப்பந்தம், ஐபிஏ, உங்களுக்கு இருந்தால் அது விடுதலையோடு நிற்காது. மூன்று ஆண்டு வரை ஓடும். தவணைக் கார் எடுக்குமுன் அந்தத் தொகையைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

கணக்கை நேருக்கு நேர் வைப்போம்

6,000 பவுண், 48 மாதம், 29.9 சதவீத ஏபிஆர் (கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வட்டி). வங்குரோத்துப் பதிவு உள்ளவருக்கு இது அதிசயமான வட்டி அல்ல. மாதத் தவணை ஏறத்தாழ 204 பவுண். நான்கு ஆண்டில் கட்டுவது சுமார் 9,783, அதில் வட்டி மட்டும் 3,783. கடைசித் தவணை கட்டும் நாளில் கார் நான்கு வயது கூடியிருக்கும்.

அதே 204 பவுணை ஒன்பது மாதம் ஒதுக்கினால் 1,836 பவுண். அதில் ஒரு கார் வாங்கலாம். கார் 1,800, முதல் மாத வேலைகளுக்கு 600 என்று 2,400 போனாலும், 9,783இல் மிச்சம் 7,383. நாற்பத்தெட்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 150 பவுணுக்கு மேல் ரிப்பேருக்கும் அடுத்த காருக்கும் கையில் நிற்கும். தவணைக் காருக்கும் டயர் தேயும், எம்ஓடி (ஆண்டுக்கொருமுறை நடக்கும் கட்டாயத் தகுதிச் சோதனை) வரும், பிரேக் பேட் மாற்ற வேண்டும். அதெல்லாம் 204க்கு மேல்தான்.

பழைய காரின் பெரிய லாபம் மலிவு அல்ல, எப்போது வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போகலாம் என்பது. கியர்பாக்ஸ் போனால் இழப்பு 1,800ஓடு நிற்கும். ஹெச்பி காரில் கியர்பாக்ஸ் போனாலும் அடுத்த மாதம் 204 பவுண் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆனால் மாதாமாதம் ஒதுக்குகிற அந்த 150 பவுண் இல்லாமல் பழைய கார் வாங்குகிறவருக்கு இந்த லாபம் கிடைக்காது. முதல் பெரிய பில் வந்ததும் அவர் கடனட்டைக்கோ தெரிந்தவரிடமோதான் ஓடுவார்.

ஹெச்பியின் பக்கமும் நியாயம் உண்டு. டீலரிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பெரிய பழுது இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஹெச்பியில் அந்தப் பொறுப்பு கடன் கொடுத்த நிறுவனத்தின் தலையிலும் விழும். மொத்தத் தொகையில் மூன்றிலொன்று கட்டியபின், நம் கணக்கில் 16ஆம் தவணையோடு, நீதிமன்ற உத்தரவில்லாமல் காரை எடுத்துப்போக முடியாது. பாதி கட்டியபின், அதாவது 24ஆம் தவணையோடு, காரை நல்ல நிலையில் ஒப்படைத்துவிட்டு ஒப்பந்தத்தை முடிக்கலாம். அதற்குமேல் கடன் நிற்காது. இந்த உரிமையை விற்பனையாளர் வாய் திறந்து சொல்லமாட்டார். முடிக்க நினைத்தால் எழுத்தில் அனுப்புங்கள். தவணை நிறுத்திவிட்டு “எடுத்துக்கொள்ளுங்கள்” என்று போனில் சொல்வது வேறு, அது உங்கள் பேரில் பற்றாக நிற்கும்.

‘ஹெச்பி எடுத்தால் கிரெடிட் ஸ்கோர் ஏறும்’ என்பது விற்பவர் பேச்சு. வங்குரோத்துப் பதிவு உத்தரவு நாளிலிருந்து ஆறு ஆண்டு உங்கள் கடன் வரலாற்றுக் கோப்பில் இருக்கும். அதற்குள் ஒழுங்காகக் கட்டிய பழக்கத்தைக் காட்ட 200 பவுண் எல்லையுள்ள ஒரு கடனட்டையில் பெட்ரோல் மட்டும் போட்டு மாதக்கடைசியில் முழுதாகக் கட்டினாலே போதும், வட்டி சுழியம். அதைவிட முக்கியமானது, அந்தக் கோப்பை வைத்திருக்கும் எக்ஸ்பீரியன், எக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்களிலும் பழைய கடன்களைப் பார்ப்பது. ஒவ்வொன்றின் பாக்கியும் சுழியமாக இருக்க வேண்டும், டிஃபால்ட் தேதி, அதாவது கட்டத் தவறியதாகப் பதிந்த தேதி, வங்குரோத்து நாளுக்குப் பிந்தியதாக இருக்கக்கூடாது. பிந்தியிருந்தால் அந்தக் கடன் ஆறு ஆண்டுக்கு மேலும் கோப்பில் தொங்கும். விடுதலைக் கடிதத்தின் நகலோடு எழுதித் திருத்தச் சொல்லுங்கள்.

குறுக்குவழிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லாக்புக் லோன், அதாவது காரை ஈடுவைத்து எடுக்கும் கடன், வேண்டாம். முறையாகப் பதிவான ஒப்பந்தமானால் நீதிமன்றம் போகாமலே காரைத் தூக்கலாம். மச்சான் பேரில் ஃபைனான்ஸ் எடுத்து நீங்கள் ஓட்டுவது ஒப்பந்த மீறல். இன்சூரன்ஸிலும் அவரைப் பிரதான ஓட்டுநர் என்று போட்டால் விபத்து நாளில் கோரிக்கை செல்லாமல் போகலாம். சீட்டை முன்னுக்கு எடுத்தால் வட்டி குறைவுதான், ஆனால் அதுவும் கடன். விடுதலைக்கு முன் என்றால் 500 பவுண் விதி அதற்கும் பொருந்தும். விடுதலைக்குப் பின் சீட்டை முடிவுவரை கட்டிக் கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. நடத்துபவர் நேர்மையானவராக இருக்கும்வரை.

எந்த கார்?

லண்டனில் யூலெஸ், அதாவது புகை கூடிய வண்டிகளுக்கு நாள் கட்டணம் வாங்கும் வலயம்தான் முதல் வடிகட்டி. 2023 ஆகஸ்ட் 29 முதல் எல்லா லண்டன் பரோக்களும் அதற்குள். தகுதியில்லாத கார் ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண். இருபத்திரண்டு வேலைநாளுக்கு 275, அதாவது நாம் தவிர்த்த ஹெச்பித் தவணையைவிடக் கூட. பெட்ரோல் என்றால் யூரோ 4 என்ற புகைத் தரம் வேண்டும், பெரும்பாலும் 2006 முதல். டீசல் என்றால் யூரோ 6, பெரும்பாலும் 2015 செப்டம்பர் முதல். 1,800 பவுணுக்குக் கிடைக்கிற டீசல் அனேகமாகத் தேறாது. தேறினாலும் குறுந்தூர ஓட்டத்தில் புகைவடிகட்டி அடைத்துக்கொள்ளும். பெட்ரோலே எடுங்கள்.

டொயோட்டா யாரிஸ், 2006–2011, 1.0 எஞ்சின்: மூன்று சிலிண்டர், வால்வுகளை நேரத்துக்கு இயக்குவது டைமிங் செயின், அதனால் பெல்ட் மாற்றும் வேலையே இல்லை. ஐடிலில், அதாவது நின்றபடி எஞ்சின் ஓடும்போது, சற்று அதிரும், அது அதன் சுபாவம். வாட்டர் பம்ப் கசியும், அருகில் காய்ந்த இளஞ்சிவப்புத் தடம் இருக்கிறதா பாருங்கள். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸை இறக்க வேண்டிய வேலை. மல்டிமோட் என்ற தானியங்கி வகையைத் தொடவேண்டாம். அது உண்மையில் மோட்டார் வைத்த மேனுவல் கியர்தான், ஆக்சுவேட்டர் போனால் காரின் விலைக்கே பில் வரும். பெயருக்காகவே விலை கூடும் என்பதால், அதே காசுக்கு ஃபியெஸ்டாவைவிட அதிக மைல் ஓடியதுதான் கிடைக்கும்.

ஃபோர்ட் ஃபியெஸ்டா 1.25: உதிரிப்பாகம் மலிவு, எந்த மூலைக் கராஜுக்கும் தெரிந்த எஞ்சின். ஆனால் டைமிங் பெல்ட். 100,000 மைலில் அல்லது மாடலைப் பொறுத்து 8 முதல் 10 ஆண்டில் மாற்ற வேண்டும். இந்த விலையில் வருகிற எல்லாமே அந்த வயதைத் தாண்டியவை. பில் காட்டாத விற்பனையாளர் “போன வருஷம் மாத்தினது” என்றால் மாற்றவில்லை என்றே வைத்து 350 பவுணை விலையில் குறையுங்கள். மாற்றக் கொடுக்கும்போது கிராங்க் போல்ட்டும் புதிது போடச் சொல்லுங்கள். இந்த எஞ்சினில் கிராங்க் சக்கரத்தைப் பிடித்து வைப்பது வழக்கமான சிறு உலோக ஆப்பு அல்ல, அந்தப் போல்ட்டின் இறுக்கம்தான். பழையதையே போட்டால் நழுவி டைமிங் தப்பும், வால்வும் பிஸ்டனும் மோதும். துரு இதன் இன்னொரு நோய். பின்கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பைக் (sill) கட்டைவிரலால் அழுத்துங்கள், நெளிந்தால் நகருங்கள். 2012க்குப் பிந்திய 1.0 ஈகோபூஸ்ட் ‘புதுசு’ என்று கண்ணை இழுக்கும். அதில் பெல்ட் எண்ணெய்க்குள் ஓடுகிறது, உதிர்ந்த துகள் எண்ணெய் உறிஞ்சியை அடைத்தால் எஞ்சினே போகும். பெல்ட் மாற்றிய பில் இல்லாவிட்டால் இந்தப் பட்ஜெட்டில் அது வேண்டாம்.

ஹோண்டா ஜாஸ், 2002–2008: குடும்பத்துக்கு இடவசதியில் இதற்கு நிகரில்லை, பின் இருக்கையை மடக்கினால் வாஷிங் மெஷினே போகும். செயின் எஞ்சின். ஒரு சூட்சுமம்: நான்கு சிலிண்டருக்கு எட்டு ஸ்பார்க் பிளக். பின்வரிசை நான்கும் விண்ட்ஸ்கிரீன் பக்கம் ஒளிந்திருக்கும், கை எட்டாது. பல கராஜில் முன்வரிசையை மட்டும் மாற்றிவிட்டு முழு சர்வீஸ் என்று எழுதுவார்கள். எரிபொருள் கூடுதலாகக் குடித்தால், இழுவையில் திக்கினால், முதலில் அந்த நான்கைப் பாருங்கள். சிவிடி என்ற படிகளில்லாத தானியங்கி கியர் வகை நகரத் தொடங்கும்போது நடுங்கினால் ஹோண்டாவின் சொந்தச் சிவிடி எண்ணெய் மாற்றிப் பார்க்கலாம். நடுக்கம் போகாவிட்டால் ஸ்டார்ட் கிளட்ச் பழுது. பூட்டில் ஸ்பேர் வீல் குழிக்குள் தண்ணீர் நிற்கும். ஆனால் இதன் பெரிய எதிரி திருடன், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அறுத்துக்கொண்டு போய்விடுகிறான். வீதியில் நிறுத்துபவர் என்றால் அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

வீதி நிறுத்தம், தனி ஓட்டம் என்றால் யாரிஸ். பிள்ளைகளும் டிரைவ்வேயும் இருந்தால் மேனுவல் ஜாஸ். பெல்ட் பில் கையில் இருந்தால் ஃபியெஸ்டாவே மலிவான தேர்வு. கோர்சா 1.2, மைக்ரா 1.2 இரண்டிலும் செயின் நீளும் வழக்கம் உண்டு, விலை எவ்வளவு குறைந்தாலும் குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

பார்க்கப் போகும் நாள்

போகுமுன் நம்பர் பிளேட்டைப் போட்டு அரசின் இலவச எம்ஓடி வரலாற்றைப் படியுங்கள். தேறியதா என்பதைவிட, எச்சரிக்கைக் குறிப்புகள் எப்படி நகர்கின்றன என்று பாருங்கள். 2022இலும் 2023இலும் ‘பிரேக் குழாயில் துரு’ என்றிருந்து, அடுத்த ஆண்டு வேறு கராஜில் ஒரு குறிப்பும் இல்லாமல் தேறியிருந்தால், குழாய் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் கிரீஸ் பூசி மறைத்திருக்கலாம். நிலுவை ஃபைனான்ஸ் இருக்கிறதா என்ற சோதனைக்கு 10, 20 பவுண் செலவழியுங்கள். ஹெச்பி பாக்கி இருப்பது தெரியாமல் வாங்கிய தனியாருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, லாக்புக் லோன் பாக்கிக்கு அது இல்லை.

எஞ்சினைச் சூடாக்காமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். ஸ்டார்ட் செய்த முதல் மூன்று விநாடி காது கொடுங்கள். டப்பாவில் கல்லைக் குலுக்குவதுபோல் சத்தம் வந்து பிறகு அடங்கினால் செயின் நீண்டிருக்கிறது. எண்ணெய் மூடியின் அடியில் மயோனைஸ் நிறத்தில் பசை இருந்து, கூலன்ட் தொட்டியிலும் எண்ணெய்ப் படலம் இருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். மூடியில் மட்டும் கொஞ்சம் என்றால் குறுந்தூர ஓட்டத்தின் ஈரமாகவும் இருக்கலாம். டயர்க் காடியில் 20 பென்ஸ் நாணயத்தைச் செருகுங்கள். வெளி வளையம் தெரிந்தால் 1.6 மில்லிமீட்டர் சட்ட எல்லையை நெருங்கிவிட்டது. முன்கண்ணாடியடியில் உள்ள விஐஎன் என்ற அடையாள எண்ணும் வி5சி என்ற பதிவுப் பத்திரத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தனியாரிடம் வாங்கினால் ‘சொன்னபடி இருக்க வேண்டும்’ என்பதுதான் உங்களுக்குள்ள முக்கியமான பிடி. அதனால் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியபின்

ரோட் டாக்ஸ் காரோடு வராது, ஓட்டுமுன் உங்கள் பேரில் கட்ட வேண்டும். 2001 மார்ச் முதல் 2017 மார்ச் வரை பதிவான கார்களுக்குக் கார்பன் அளவுதான் கணக்கு. 2025–26இல் 111 முதல் 120 கிராம் வரை ஆண்டுக்கு 35 பவுணாக இருந்தது, 121 ஆனால் 165. ஒரே மாடலில் ஆண்டு மாறினாலே இந்தக் கோடு தாண்டும், வி5சியில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். மாதத் தவணையில் கட்டினால் 5 சதவீதம் கூடும்.

இன்சூரன்ஸை மாதாமாதம் கட்டுவதும் கடன் ஒப்பந்தம்தான். வங்குரோத்துப் பதிவால் மறுக்கலாம், கொடுத்தாலும் வட்டி ஏறும். ஆண்டுத் தொகையையும் கார்க் காசோடு சேர்த்தே சேமியுங்கள். வங்குரோத்தானதுண்டா என்று படிவம் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

முதல் மாதம் எண்ணெய், மூன்று வடிகட்டிகள், பிளக், பிரேக் எண்ணெய். பழைய பில்லில் என்ன எழுதியிருந்தாலும் சரி. அந்த நாளிலிருந்து உங்கள் கணக்கு தொடங்குகிறது. எம்ஓடியை முடிவு நாளுக்கு முந்திய ஒரு மாதத்துக்குள் (ஒரு நாள் குறைவாக) செய்தால் பழைய தேதியே நிலைக்கும், தோற்றால் யோசிக்க மூன்று, நான்கு வாரம் கிடைக்கும். அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண், பல கராஜ்கள் குறைத்தே வாங்குகின்றன.

ஒரே ரிப்பேர் காரின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால், அடுத்த எம்ஓடிக்கும் துரு வேலை காத்திருந்தால், காரை விட்டுவிடுங்கள். அனுமதி பெற்ற ஸ்கிராப் நிலையத்துக்கே கொடுங்கள், அழிப்புச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள், வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏக்கு அன்றே அறிவியுங்கள். மிச்சமுள்ள முழு மாதங்களின் ரோட் டாக்ஸ் திரும்பி வரும். அறிவிக்கும் தேதி மாதக்கடைசி 31 என்றால் அடுத்த மாதம் உங்களுக்கு, 1ஆம் தேதி என்றால் அந்த மாதக் காசு போய்விடும்.