டியூப் லெவலா, லேசரா, டோட்டல் ஸ்டேஷனா? படகில் நீர்க்கோடு போட எது சரி?

20 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலமுள்ள விசைப்படகில் டிராஃப்ட் மார்க் (படகு நீரில் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று காட்டும் எண்குறி) ஒரு சென்டிமீட்டர் தவறினால், எடைக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு டன் இடிக்கும். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் ஆற்றோரம் கட்டைமேல் ஏற்றிக் கட்டும் இரும்புப் படகுக்கு இந்த மார்க்கையும், நீர்மட்டம் தொடும் நீர்க்கோட்டையும் எதை வைத்து அளந்து போடலாம்?

செலவில்லாதது டியூப் லெவல். கொத்தனார் வைத்திருக்கும் அதே தண்ணீர்க் குழாய்தான். இதன் பெரிய பலம், ஏராவுக்கு (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) அடியில் நுழைத்து இடப்பக்க மட்டத்தை வலப்பக்கத்துக்கு அப்படியே கொண்டுபோய்விடலாம். குமிழி இல்லாவிட்டால் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் நிற்கும். ஆனால் ஒரு முனை வெயிலிலும் மறுமுனை படகு நிழலிலும் நின்றால், சூடேறிய பக்கத்து நீர் லேசாகி மட்டம் கொஞ்சம் உயர்ந்து காட்டும்.

லேசரின் அழகு அணியத்தின் (படகின் முன்பக்கம்) வளைவில் தெரியும். தகடு எப்படி வளைந்தாலும் கோடு மட்டமாகவே விழும், சுண்ணாம்புக்கட்டியால் இழுத்துக்கொண்டே போகலாம். என்ன, நம் ஊர் பகல் வெயிலில் கோடு கண்ணுக்கே தெரியாது. மறுபக்கம் போனால் திரும்ப நிறுத்த வேண்டும். வண்டல் மண்ணில் முக்காலி இறங்கும்.

இரண்டுக்கும் பொதுவான சிக்கல்தான் பெரிது. இரண்டுமே பூமியின் மட்டத்தைத்தான் காட்டும், படகின் மட்டத்தை அல்ல. ஐப்பசி மழையில் மண் இளகி அமரப் பக்கக் கட்டை, அதாவது படகின் பின்பக்கத்தைத் தாங்கும் கட்டை, இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், அழகான மட்டக்கோடு படகின்மேல் சாய்ந்த கோடுதான். அமரம் ஆழமாக இருக்கும்படி ஏராவையே சரிவாக வைக்கும் படகுகளும் உண்டு. டோட்டல் ஸ்டேஷன், அதாவது கோணத்தையும் தூரத்தையும் அளந்து புள்ளிகளின் இடத்தைச் சொல்லும் சர்வே கருவி, ஜெயிப்பது இங்கேதான். ஏராவின் இரு முனைகளையும் இரு பக்கங்களையும் அளந்து, படகு எப்படிச் சாய்ந்திருந்தாலும் வரைபடத்தோடு பொருத்திவிடும். சர்வேயரோடு ஒரு காலைக்கு வாடகைக்கு எடுத்தால் போதும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். மேல்தளத் தகடு சூடானால் படகே லேசாக வளையும்.

என் கணக்கு இது: சின்னப் படகுக்கு டியூப் போதும், அளக்கும் அன்றைக்கே ஏராவின் மட்டத்தையும் சரிபார்த்துக்கொண்டால். பெரியதற்கு டோட்டல் ஸ்டேஷனால் முக்கியப் புள்ளிகள், அப்புறம் சாயங்காலம் லேசரால் இடைக்கோடு.

எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாத தப்பு ஒன்று உண்டு: டேப்பைத் தகட்டின்மேல் படுக்க வைத்து எண் போடுவது. செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்த தகட்டில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 11.5 சென்டிமீட்டர் ஓட வேண்டும். கணக்கு ஏராவின் அடிமுகத்திலிருந்து தொடங்கும். எண்ணின் உயரம் 10 சென்டிமீட்டர், அதன் கீழ் விளிம்புதான் அளவு. பெயின்ட் உரிந்தாலும் தெரியும்படி ஓரத்தை வெல்டிங் கோட்டால் போட்டுவிடுங்கள்.